எம்சிஎல் கொத்தாக்க மென்பொருளை மூல நிரலிலிருந்து நிறுவுதல்

எம்சிஎல் என்பது கோட்டுருக்களில் உள்ள கணுக்களைக் கொத்துகளாகப் பிரிக்கும் ஒரு கட்டற்ற மென்பொருள் ஆகும். மார்க்கோவ் கொத்துப் படிமுறையைச் செயற்படுத்தும் இம்மென்பொருள் சி நிரல்மொழியில் எழுதப்பட்டது. குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் இதன் மூல நிரல் எவரும் பெற்றுப் படிக்கவும், மாற்றவும், பகிரவும் கூடிய வகையில் வெளியிடப்படுகிறது. லினக்சு முதலிய யுனிக்சு வகை இயங்குதளங்களில் இதனை மூல நிரலிலிருந்து உருவாக்கி நிறுவும் முறையையும், அப்போது எதிர்ப்படும் வழுக்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கட்டளைகளின் பெயர்கள் இங்கு ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை உரோமன் எழுத்துகளில் உள்ளிட வேண்டும்.

பின்னணி

முன்கூட்டியே வகுப்புப் பெயர்கள் எவையும் தரப்படாத நிலையில், ஒன்றுக்கொன்று ஒத்த தரவுகளைக் குழுக்களாகப் பிரிப்பது தரவுக் கொத்தாக்கம் எனப்படும். இதற்குப் பல படிமுறைகள் உள்ளன. கே-சராசரி முறையில் எத்தனை கொத்துகள் வேண்டும் என்பதைப் பயனரே முதலில் கூறவேண்டும். எம்சிஎல்லில் அவ்வாறு கூறத் தேவையில்லை. தரவுகளுக்கிடையேயான ஒப்புமை ஒரு கோட்டுருவாகத் தரப்பட்டால், கொத்துகளின் எண்ணிக்கை அக்கோட்டுருவின் அமைப்பிலிருந்தே வெளிப்படுகிறது.

இப்படிமுறையை உருவாக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்டெய்ன் வான் டொங்கன் ஆவார். ஆம்ஸ்டர்டாமிலுள்ள கணித, கணினியியல் ஆய்வு மையத்தில் பணியாற்றியபோது இதனை உருவாக்கி, 2000 ஆம் ஆண்டில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேடாக அளித்தார். 2002 இல் என்ரைட், வான் டொங்கன், ஊசூனிசு ஆகிய மூவரும் புரதங்களைக் குடும்பங்களாக வகைப்படுத்த இதனைப் பயன்படுத்தி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் வெளிவந்த ஆர்த்தோ-எம்சிஎல் என்னும் மென்பொருளும் இதனையே அடிப்படையாகக் கொண்டது. இவற்றின் பின்னரே கணிதவியலாளரைக் காட்டிலும் உயிரியலாளர் மிகுதியாகப் பயன்படுத்தும் கருவியாக எம்சிஎல் மாறிற்று.

படிமுறையின் கருத்து எளியது. சந்துகள் நெருங்கிய ஒரு குடியிருப்புக்குள் இலக்கின்றி நடக்கும் ஒருவர், வெளியே செல்லும் ஓரிரு வழிகளைக் கண்டடையும் முன் நெடுநேரம் அக்குடியிருப்புக்குள்ளேயே சுற்றிவருவார். கோட்டுருவில் இத்தகைய சமவாய்ப்பு நடையை எம்சிஎல் ஓர் அணியின் வழியாகக் கணக்கிடுகிறது. அணியின் ஒவ்வொரு நிரலும் ஒரு கணுவிலிருந்து பிற கணுக்களுக்குச் செல்லும் நிகழ்தகவுகளைக் கொண்டிருக்கும். விரித்தல், உப்பல் என்னும் இரு செயல்கள் மாறிமாறி நிகழ்த்தப்படுகின்றன. விரித்தல் என்பது அணியை அதனாலேயே பெருக்குதல். இதனால் நடை நீள்கிறது. உப்பல் என்பது ஒவ்வோர் உறுப்பையும் ஒரு குறிப்பிட்ட அடுக்குக்கு உயர்த்தி, நிரலின் கூட்டுத்தொகை மீண்டும் 1 ஆகுமாறு சரிசெய்தல். எடுத்துக்காட்டாக, ஒரு நிரலில் 0.6, 0.4 என இரு மதிப்புகள் இருந்து, உப்பல் அடுக்கு 2 ஆக இருந்தால், அவை முறையே 0.36, 0.16 ஆகிப் பின்னர் ஏறத்தாழ 0.69, 0.31 ஆகின்றன. வலிய வழி மேலும் வலிமை பெறுகிறது. மெலிந்த வழி தேய்கிறது. அணி மாறாநிலையை எட்டியதும் எஞ்சியிருக்கும் தொடர்புகளே கொத்துகளைக் காட்டும்.

மூல நிரலிலிருந்து நிறுவ வேண்டிய தேவை

டெபியன், உபுண்டு ஆகிய வழங்கல்களில் எம்சிஎல் ஆயத்தப் பொதியாகவே கிடைக்கிறது. கணினி தம்முடையதாக இருந்து, அப்பொதியின் பதிப்பும் தம் வேலைக்கு ஏற்றதாக இருப்பின் அதனை நிறுவிக்கொள்வதே எளிது. மூல நிரலிலிருந்து நிறுவுவதில் தனிப் பெருமை ஏதுமில்லை.

ஆனால் ஆய்வு மாணவர் பலரின் நிலைமை வேறு. அவர்கள் பயன்படுத்துவது பல்கலைக்கழகத்தின் பொது வழங்கியாக இருக்கும். அதில் பொதிகளை நிறுவும் நிர்வாகி உரிமை அவர்களுக்கு இராது. நிர்வாகிக்கு எழுதி மறுமொழிக்குக் காத்திருப்பதற்கு மாறாக, தமது இல்ல அடைவுக்குள்ளேயே மென்பொருளை உருவாக்கிக்கொள்ள மூல நிரல் வழிசெய்கிறது. எவருடைய இசைவும் இதற்குத் தேவையில்லை. வழங்கியின் பிற பயனருக்கு இதனால் இடையூறும் இல்லை. 2010களில் பரவிய பயோகொண்டா போன்ற பொதித் திரட்டுகளும் நிர்வாகி உரிமையின்றி நிறுவ உதவுகின்றன. எனினும் அவற்றில் ஒரு கருவியுடன் வேறு பல நிரலகங்களும் சேர்ந்தே வருவதால் வட்டு இட ஒதுக்கீடு குறைவாக உள்ளோர்க்கு அவை எப்போதும் ஏற்றதாவதில்லை.

மற்றொரு தேவை முடிவுகளை மீளப் பெறுதல் ஆகும். ஓர் ஆய்வுக் கட்டுரையில் குறிப்பிட்ட பதிப்பால் பெறப்பட்ட கொத்துகளைச் சரிபார்க்க விரும்புவோர் அதே பதிப்பை இயக்க வேண்டும். வழங்கல்களின் பொதித் திரட்டில் பெரும்பாலும் ஒரு பதிப்பே இருக்கும். மூல நிரல் கையிலிருந்தால் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம்.

தேவையானவை

சி மொழிக்கான கம்பைலர் எனப்படும் நிரல்மொழிமாற்றி, மேக் என்னும் கருவி, பொதி அவிழ்க்கும் டார் கட்டளை ஆகியன போதும். நிரல்மொழிமாற்றியாகப் பெரும்பாலும் ஜிசிசி பயன்படுகிறது. பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976 இல் எழுதிய மேக், மாற்றமுற்ற கோப்புகளை மட்டும் கண்டறிந்து அவற்றையே மீண்டும் தொகுக்கும் கருவி. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அதன் அடிப்படைக் கருத்து மாறவில்லை.

எம்சிஎல்லின் பதிப்பு எண்கள் பிற மென்பொருள்களின் எண்களைப் போன்றவை அல்ல. 14-137 என்பதில் முதற் பகுதி ஆண்டையும், இரண்டாம் பகுதி அவ்வாண்டின் நாளையும் குறிக்கிறது. அதாவது அது 2014 மே மாத நடுப்பகுதியில் வெளியானது. நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது இப்பதிப்பே. 2022 இல் வெளியான 22-282 இல் ஒரு முக்கிய மாற்றம் செய்யப்பட்டது. முன்னர் உடன் வந்த அடிப்படை நிரலகம் சிம்ஃபோம்ஃபா என்னும் பெயரில் தனிப் பொதியாகப் பிரிக்கப்பட்டது. எனவே புதிய பதிப்பை நிறுவுவோர் முதலில் சிம்ஃபோம்ஃபாவையும், பின்னர் எம்சிஎல்லையும் உருவாக்க வேண்டும். பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றுவோர் தடுமாறும் இடம் இது.

உருவாக்கும் படிகள்

மூல நிரல் பொதியை ஆசிரியரின் தளத்திலிருந்து பெறுவது நன்று. பிறர் பதிவேற்றிய படிகளில் என்ன மாற்றம் செய்யப்பட்டுள்ளது என அறிவது கடினம். பொதியை டார் கட்டளையால் அவிழ்த்ததும் பதிப்பெண்ணைப் பெயரில் கொண்ட ஓர் அடைவு உருவாகும். அதனுள் இருக்கும் ரீட்மி, இன்ஸ்டால் ஆகிய இரு உரைக் கோப்புகளையும் முதலில் படிக்க வேண்டும். பலர் இதனைத் தவிர்ப்பர். பின்னர் வரும் ஐயங்களுக்கான விடை அவற்றிலேயே இருக்கும்.

அதன்பின் செய்ய வேண்டியவை கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்னும் மூன்று கட்டளைகள்.

கன்ஃபிகர் என்பது மூல நிரலுடன் வரும் ஒரு கட்டளைநிரல். கணினியில் நிரல்மொழிமாற்றி உள்ளதா, எந்தெந்தத் தலைப்புக் கோப்புகளும் நிரலகங்களும் கிடைக்கின்றன என்பவற்றை இது ஒவ்வொன்றாகச் சோதித்து, அக்கணினிக்கு ஏற்ற மேக்ஃபைலை எழுதித் தருகிறது. இதனை எம்சிஎல்லின் ஆசிரியர் கையால் எழுதுவதில்லை. டேவிட் மெக்கென்சி 1991 இல் தொடங்கிய ஆட்டோகான்ஃப் என்னும் கருவி இதனை உருவாக்குகிறது. திரையில் விரைந்தோடும் வரிகள் அனைத்தும் இச்சோதனைகளின் விடைகளே. அவை கன்ஃபிக்-லாக் என்னும் கோப்பிலும் விரிவாகப் பதிவாகின்றன.

இக்கட்டத்தில் எடுக்க வேண்டிய முடிவு ஒன்று உண்டு. எங்கு நிறுவ வேண்டும் என ஏதும் கூறாவிடில், யுஎஸ்ஆர் அடைவின் கீழுள்ள லோக்கல் என்னும் பொது அடைவை கன்ஃபிகர் தெரிவுசெய்யும். அங்கு எழுதும் உரிமை சாதாரணப் பயனருக்கு இல்லை. ஆகவே பிரிஃபிக்ஸ் என்னும் தெரிவின் மூலம் இல்ல அடைவுக்குள் ஓரிடத்தைக் குறிப்பிட வேண்டும். அவ்விடத்தின் பெயரில் பதிப்பெண்ணையும் சேர்த்து, ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் அடைவு என வைத்துக்கொள்வது சிறந்தது. எல்லாவற்றையும் ஒரே அடைவில் கொட்டினால் எந்தக் கோப்பு எந்தப் பதிப்பைச் சேர்ந்தது என்பது சில மாதங்களில் மறந்துபோகும்.

புதிய பதிப்பில் சிம்ஃபோம்ஃபாவையும் அதே இடத்தில் நிறுவிவிட்டு, எம்சிஎல்லின் கன்ஃபிகருக்கு அதன் தலைப்புக் கோப்புகளும் நிரலகமும் இருக்கும் இடங்களைத் தெரிவிக்க வேண்டும். இதற்கு முறையே சிஃபிளாக்ஸ், எல்டிஃபிளாக்ஸ் என்னும் மாறிகள் பயன்படுகின்றன. சிம்ஃபோம்ஃபாவை உருவாக்கும்போது பகிர்வு நிரலகத்தை முடக்கும் தெரிவைத் தந்துவிட்டால், நிரலகம் எம்சிஎல்லுக்குள்ளேயே இணைக்கப்பட்டுவிடும். இயக்கும் வேளையில் நிரலகத்தைக் காணோம் என்னும் வழு பின்னர் எழாது.

மேக் கட்டளை மூல நிரல் கோப்புகளைத் தொகுத்து இணைக்கிறது. இன்றைய கணினிகளில் இதற்குச் சிறிது நேரமே ஆகும். இடையே எச்சரிக்கைகள் தோன்றலாம். எச்சரிக்கை வேறு, வழு வேறு. மேக் இடையில் நின்றுவிடாத வரை எச்சரிக்கைகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மேக் இன்ஸ்டால் உருவான நிரல்களை முன்னர் கூறிய இடத்துக்குப் படியெடுக்கிறது. எம்சிஎல் மட்டுமன்றி, தரவை உள்ளீட்டு வடிவுக்கு மாற்றும் எம்சிஎக்ஸ்-லோட், கொத்தாக்க முடிவுகளை ஒப்பிட உதவும் சிஎல்எம் முதலிய துணை நிரல்களும் பின் என்னும் உள்ளடைவில் இடம்பெறும்.

இம்மூன்று கட்டளைகளில் எதனையும் ரூட் பயனராக இயக்க வேண்டிய தேவை இல்லை. இல்ல அடைவில் நிறுவும்போது உரிமை மறுக்கப்பட்டதாகச் செய்தி வருமாயின், தவறு பிரிஃபிக்ஸ் தெரிவில் உள்ளது என்பதே பொருள். நிர்வாகி உரிமையுடன் அதே கட்டளையை மீண்டும் இயக்குவது அதற்குத் தீர்வாகாது.

எந்தப் பதிப்பு இயங்குகிறது?

நிறுவல் முடிந்தபின் எம்சிஎல் எனத் தட்டச்சு செய்தால் கட்டளை காணப்படவில்லை என்னும் செய்தி வருவது இயல்பு. கட்டளைகளைத் தேட வேண்டிய அடைவுகளின் பட்டியல் பாத் என்னும் சூழல் மாறியில் உள்ளது. புதிய பின் அடைவை அப்பட்டியலின் முன்னே சேர்த்து, பாஷ் கட்டளைச் சூழலின் தொடக்கக் கோப்பிலும் எழுதிவைக்க வேண்டும்.

செய்தி ஏதும் வராமல் நிரல் இயங்குவது இதனினும் சிக்கலான நிலை. வழங்கியில் நிர்வாகி முன்னரே ஒரு பழைய எம்சிஎல்லை நிறுவியிருக்கலாம். பட்டியலில் அதன் அடைவு முந்தி இருந்தால் இயங்குவது அதுவே. பயனரோ தாம் உருவாக்கியதே இயங்குகிறது என எண்ணிக்கொண்டிருப்பார். மேலும் பாஷ் ஒருமுறை கண்டறிந்த கட்டளையின் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். ஆதலால் அதே முனையத்தில் பாத் பட்டியலைத் தொடாமல் முந்தைய அடைவு ஒன்றில் புதிய பதிப்பை வைத்தால், பழையதே தொடர்ந்து இயங்கக்கூடும். ஹாஷ் கட்டளையால் அந்நினைவை அழிக்கலாம். புதிய முனையம் ஒன்றைத் திறந்தாலும் போதும். விச் கட்டளை எந்த இடத்திலுள்ள நிரல் இயங்கும் என்பதைக் காட்டும். வெர்ஷன் தெரிவு அதன் பதிப்பெண்ணைத் தரும். ஆய்வேட்டில் எழுத வேண்டியது இவ்வாறு பார்த்தறிந்த பதிப்பெண்ணே. பதிவிறக்கிய கோப்பின் பெயரிலுள்ள எண் அன்று.

சோதனை

தொகுப்பு தடையின்றி முடிந்தது என்பதனால் விடை சரியாக வரும் என முடிவுசெய்யலாகாது. விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு சிறு கோட்டுருவைத் தந்து பார்ப்பது எளிய சோதனை ஆகும். 1, 2, 3 என்னும் மூன்று கணுக்கள் ஒரு முக்கோணம். 4, 5, 6 மற்றொரு முக்கோணம். ஒவ்வொரு முக்கோணத்தின் விளிம்புகளுக்கும் எடை 1. இரண்டையும் இணைக்கும் 3-4 என்னும் விளிம்புக்கு மட்டும் எடை 0.1. இதனை ஏபிசி வடிவில் எழுதினால் ஏழு வரிகள் வரும். ஒவ்வொரு வரியிலும் இரு கணுக்களின் பெயர்களும் எடையும் இருக்க வேண்டும்:

1 2 1
2 3 1
1 3 1
4 5 1
5 6 1
4 6 1
3 4 0.1

ஏபிசி தெரிவுடன் இக்கோப்பைத் தந்தால் வெளியீட்டில் இரு வரிகள் கிடைக்க வேண்டும். ஒன்றில் 1, 2, 3 உம், மற்றொன்றில் 4, 5, 6 உம் இருக்கும். வெளியீட்டில் வரிக்கு ஒரு கொத்து என்பதே விதி. ஆறும் ஒரே வரியில் வந்தால் எடைகள் சரியாகப் படிக்கப்படவில்லை என ஐயுறலாம். கோப்பு வேறு இயங்குதளத்தில் எழுதப்பட்டதா, மூன்றாம் நெடுவரிசை விடுபட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

இயங்கி முடியும்போது கத்தரித்தலுக்கான மதிப்பெண்ணையும் எம்சிஎல் நூற்றுக்கு இவ்வளவு எனத் திரையில் எழுதும். பெரிய கோட்டுருக்களில் நினைவகத்தைச் சேமிப்பதற்காக மிகச் சிறிய நிகழ்தகவுகளை நிரல் வெட்டிவிடுகிறது. அவ்வாறு வெட்டியதால் எவ்வளவு தகவல் இழக்கப்பட்டது என்பதற்கான அளவே இம்மதிப்பெண். மேற்கண்ட ஆறு கணுக்களில் வெட்டுவதற்கு ஏதுமில்லை. இலட்சக்கணக்கான கணுக்களில் மதிப்பெண் மிகவும் குறைந்தால், ஸ்கீம் தெரிவின் மூலம் கூடுதல் நினைவகம் ஒதுக்கி மீண்டும் இயக்குவது தக்கது. பலர் இவ்வரியைக் கவனிப்பதேயில்லை.

உப்பல் அடுக்கின் இயல்பு மதிப்பு 2 ஆகும். இதனைக் குறைத்தால் கொத்துகள் பெரியனவாகவும் சிலவாகவும், கூட்டினால் சிறியனவாகவும் பலவாகவும் வரும். 1.4, 2, 4, 6 ஆகிய மதிப்புகளில் இயக்கி ஒப்பிடுவது வழக்கம். வெளியீட்டுக் கோப்புக்குப் பெயர் தரப்படாவிடில் எம்சிஎல் தானே ஒரு பெயரை அமைத்து, அதன் ஈற்றில் உப்பல் அடுக்கையும் 14, 20 என்றவாறு சேர்த்துவிடும். எந்த மதிப்பில் எந்த முடிவு கிடைத்தது என்பது இதனால் குழம்பாது.

பொதுவாக எதிர்ப்படும் வழுக்கள்

நிரல்மொழிமாற்றி இல்லை என்று கூறி கன்ஃபிகர் நின்றுவிடுதல் முதலாவது வழு. பல வழங்கிகளில் ஜிசிசி உண்மையில் இருக்கும். மாட்யூல் கட்டளையால் அதனை ஏற்றிய பின்னரே தென்படும். கன்ஃபிக்-லாக் கோப்பின் இறுதிப் பகுதியில் சரியான காரணத்தைக் காணலாம்.

இரண்டாவது வழு பலரைத் திகைக்க வைப்பது. பழைய மூல நிரல் ஒன்று முன்னர் பல கணினிகளில் தடையின்றித் தொகுக்கப்பட்டிருக்கும். புதிய கணினியில் மட்டும், ஒரே மாறி பலமுறை வரையறுக்கப்பட்டுள்ளது எனக் கூறி இணைப்பி நின்றுவிடும். மூல நிரலில் ஓர் எழுத்தும் மாறியிராது. மாறியது நிரல்மொழிமாற்றி. தலைப்புக் கோப்பில் ஒரு பொது மாறி எக்ஸ்டர்ன் என்னும் சொல்லின்றி எழுதப்பட்டால், அத்தலைப்பைச் சேர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு கோப்பிலும் அம்மாறி தோன்றும். ஜிசிசி முன்பு இவற்றை ஒன்றாகவே கருதி வாளாவிருந்தது. 2020 இல் வெளியான ஜிசிசி 10 முதல், இவை வெவ்வேறு வரையறைகளாகக் கொள்ளப்படுகின்றன. சிஃபிளாக்ஸ் மாறியில் எஃப்காமன் என்னும் தெரிவைச் சேர்த்து, கன்ஃபிகரிலிருந்து மீண்டும் தொடங்கினால் பழைய வழக்கம் திரும்பும். மூல நிரலைத் திருத்துவதே முறையான தீர்வு எனினும், ஒரு பழைய பதிப்பை உள்ளபடியே இயக்க விரும்புவோர்க்கு இத்தெரிவே ஏற்றது.

தெரிவுகளை மாற்றிய பின் மேக் கிளீன் கட்டளையை இயக்காமல் விடுவதும் வழுக்களுக்கு இடந்தரும். மேக் கோப்புகளின் நேரத்தையே பார்க்கிறது. தெரிவு மாறியதை அது அறியாது. பழைய தெரிவில் தொகுக்கப்பட்ட இடைநிலைக் கோப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளும். வலைப்பின்னல் வட்டில் வேலை செய்வோர்க்குக் கடிகார வேறுபாடு பற்றிய எச்சரிக்கையும் இதே காரணத்தால் வருகிறது.

வரிசை ஒப்பீட்டு நிரலான பிளாஸ்டின் வெளியீட்டை மாற்றித்தரும் பெர்ல் நிரல்கள் பழைய பதிப்புகளில் தனித் தெரிவு தந்தால்தான் நிறுவப்படும். புரதத் தரவுகளுடன் வேலை செய்வோர் கன்ஃபிகர் கட்டத்திலேயே அத்தெரிவைச் சேர்க்க வேண்டும்.

நீக்குதல்

மூல நிரல் அடைவு இன்னும் இருக்குமாயின் அதற்குள் சென்று மேக் அன்-இன்ஸ்டால் கட்டளையைத் தரலாம். அதனை அழித்துவிட்டோர்க்கு இவ்வழி இல்லை. பதிப்புக்கு ஓர் அடைவு என வைத்திருப்போர் அவ்வடைவை அழித்து, பாத் பட்டியலிலிருந்து அதன் பெயரையும் நீக்கினால் போதும்.